புரொசசர் சூடாகி வேகம் விழுகிறதா? மட்டக்களப்பு வெக்கையில் சரிபார்க்கும் வரிசை

கொம்பியூட்டர் சுடுகிறது, இழுத்து இழுத்து ஓடுகிறது என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது தேர்மல் பேஸ்ட், அதாவது புரொசசருக்கும் அதை ஆற்ற மேலே பூட்டியிருக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகட்டுத் தொகுதிக்கும் நடுவே பூசும் பசை. வேலை பழக வரும் பொடியன்களும் அப்படித்தான், ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்பார்கள். பேஸ்டுக்கு இந்த வரிசையில் கிட்டத்தட்ட கடைசி இடம். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை மெஷினைத் திறக்காமலே பார்க்கலாம்.

சூடும் வேகக் குறைவும் எப்போதும் சோடியாக வருவதில்லை. சூடு கூடியதால் வேகம் விழலாம். சூடே இல்லாமலும் விழலாம். சூடு அதிகம் என்று நமக்குத் தோன்றினாலும் புரொசசர் தன் முழு வேகத்தில் நலமாக ஓடிக்கொண்டிருக்கலாம். எது உங்கள் மெஷினில் நடக்கிறது என்று தெரியாமல் கழட்டினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

கீழே சொல்பவை விண்டோஸ் 10, 11 ஓடும் டெஸ்க்டொப்புக்கும் லெப்டொப்புக்கும் பொருந்தும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதல் பாதி வேலைக்கு மூன்று மென்பொருள்கள் போதும், மூன்றும் இலவசம். அளவெடுக்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO), மெஷினுக்கு வேலை கொடுக்க சினிபெஞ்ச் (Cinebench), புரொசசரின் பெயரைப் பார்க்க சிபியூ-இசட் (CPU-Z). டேட்டா குறைவாக இருந்தால் சினிபெஞ்சை விட்டுவிடுங்கள். சிபியூ-இசட்டிலேயே ஸ்ட்ரெஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது, பழைய மெஷின்களுக்கு அதுவே போதும். எதையும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். சூட்டைப் பார்க்கப்போய் வைரஸை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

ஒரு கொப்பித் தாள், பேனை, அறையின் வெப்பநிலையைக் காட்டும் சின்னத் தேர்மொமீற்றர் ஒன்று. தேர்மொமீற்றர் எதற்கு என்று பலர் சிரிப்பார்கள். 3ஆம் படியில் புரியும்.

திறக்கும் கட்டத்துக்கு வந்தால்: நல்ல பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், மயிர் மெதுவான பெயின்ட் பிரஷ், 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோல், நூல் உதிராத துணி, மின்சாரம் கடத்தாத தேர்மல் பேஸ்ட் ஒரு சிறிய குழாய். கை கழுவும் சானிட்டைசர் ஜெல் கூடாது. அதில் கலந்திருக்கும் கிளிசரின் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

2. உங்கள் புரொசசரின் எல்லைகளை எழுதிக்கொள்ளுங்கள்

புரொசசரின் முழுப் பெயரைப் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்தில் மூன்று எண்களைத் தேடி எழுதுங்கள்: அடிப்படை வேகம், உச்ச டர்போ வேகம் (தேவைப்படும்போது தற்காலிகமாக ஏறும் வேகம்), தாங்கும் உச்ச வெப்பநிலை.

உதாரணமாக, லெப்டொப்புகளில் அதிகம் காணும் இன்டெல் கோர் ஐ5-8250யூ: அடிப்படை 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.4, எல்லை 100 பாகை செல்சியஸ். டெஸ்க்டொப்பில் ஐ5-10400: 2.9, 4.3, எல்லை அதே 100. ஏஎம்டி ரைசன் 5 3600: 3.6, 4.2, எல்லை 95.

இதை எழுதாமல் தொடங்குபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, 8250யூ சும்மா இருக்கும்போது 0.8 காட்டுவதைப் பார்த்துப் பதறுவது. வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைப்பது புரொசசரின் இயல்பு. இரண்டு, பெட்டியில் அச்சடித்த டர்போ வேகம் எல்லாக் கோர்களிலும் (புரொசசருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்) எந்நேரமும் வரும் என்று எதிர்பார்ப்பது. 10400இன் 4.3 என்பது ஓரிரு கோர்கள் மட்டும் உழைக்கும்போது வருவது. ஆறு கோர்களும் சேர்ந்து உழைத்தால் 4.0தான். அது பழுதல்ல.

ரைசன் 7000 வரிசை டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலத்த வேலையில் 95 பாகை வரை போய் அங்கேயே நின்று ஓடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வேகம் அடிப்படைக்கு மேலே இருந்தால் 95ஐப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. திறக்காமல் அளவெடுங்கள்

மெஷினைப் போட்டு, எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் சென்சர் பக்கத்தில் ஐந்தை எழுதுங்கள்: புரொசசர் வெப்பநிலை, கோர் வேகம், புரொசசர் இழுக்கும் வாட், விசிறியின் சுற்று, தேர்மல் த்ரொட்லிங் (சூட்டால் வேகத்தைக் குறைப்பது) என்ற வரியில் யெஸ்ஸா நோவா என்பது. சில லெப்டொப்புகளில் விசிறிச் சுற்று காட்டாது, அதை விட்டுவிடலாம். பக்கத்திலேயே அறை வெப்பநிலையையும் எழுதுங்கள்.

அடுத்து சினிபெஞ்சைப் பத்து நிமிட ஓட்டமாகப் போடுங்கள். முதல் 10 செக்கனில் ஒரு தரம், இரண்டு நிமிடத்தில் ஒரு தரம், முடிவில் ஒரு தரம் அதே ஐந்தையும் எழுதுங்கள். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் அதிகம் காணும் பிழை. பல இன்டெல் மெஷின்களில் முதல் 28 செக்கன் அளவுக்கு அதிக வாட் இழுக்க அனுமதி இருக்கும், அதன் பிறகு தானாகக் குறையும். தொடக்கத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் நலம், முடிவை மட்டும் பார்த்தால் எல்லாம் பழுது போலத் தோன்றும்.

இப்போது தேர்மொமீற்றர். அறை எத்தனை பாகை கூடுகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகை புரொசசரும் கூடும். ஏசி போட்ட கடையில் 25 பாகையில் வைத்துச் சோதித்தபோது 80 காட்டிய மெஷின், கல்லடியில் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 35 பாகையில் 90ஐத் தொடும். கடைக்காரர் "ஒன்றுமில்லை, நல்லா ஓடுது" என்று தருகிறார், வீட்டில் அதே மெஷின் திணறுகிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்ற வறண்ட வெக்கைக் காற்று அடிக்கும் நாட்களில் இந்தச் சண்டை அதிகம். ஆகவே மெஷின் எங்கே ஓடுகிறதோ அங்கேயே, அது திணறும் நேரத்திலேயே அளவெடுங்கள்.

மெஷின் பட்டென்று அணைந்துவிடுகிறது என்பதுதான் உங்கள் முறைப்பாடு என்றால், ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் லொக்கிங் பட்டனை அழுத்தி அளவுகளைக் கோப்பில் பதியவிட்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அணைந்த பிறகு கோப்பைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். 98, 99 என்று இருந்தால் சூடு. 60 பாகையில் நின்றிருந்தால் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பவர் சப்ளையையும் வீட்டுக் கரண்டையும் பாருங்கள். விண்டோஸ் தன் சம்பவங்களைப் பதியும் ஈவென்ட் வியூவரில் கேர்னல்-பவர் 41 என்று பதிவாகியிருப்பதைக் காட்டி "சூட்டால்தான்" என்பார்கள். மெஷின் முறையாக அணையவில்லை என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

4. எழுதிய எண்கள் எந்தப் பக்கம் கை காட்டுகின்றன

வேலை கொடுத்ததும் வெப்பநிலை எல்லையைத் தொட்டு, த்ரொட்லிங் யெஸ் ஆகி, வேகமும் விழுகிறது: உண்மையான சூட்டுப் பிரச்சினை. 7ஆம் படிக்குப் போங்கள்.

வெப்பநிலை 60, 70இல் நிற்கிறது, ஆனால் வேகம் அடிப்படைக்கும் கீழே: சூடு குற்றவாளி அல்ல. 5ஆம் படி.

எதுவும் செய்யாமலே 70க்கு மேல்: 6ஆம் படி.

வேலையைத் தொடங்கிய ஒன்றிரண்டு செக்கனுக்குள் 45இலிருந்து 95க்குப் பாய்கிறது, நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்குகிறது: சூடு ஹீட்சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை. ஹீட்சிங்க் சரியாகப் பூட்டப்படவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது. மாறாக, ஐந்தாறு நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினால் சூடு ஹீட்சிங்க் வரை வருகிறது, அங்கிருந்து வெளியே போகத்தான் வழியில்லை. தூசு, விசிறி, கேசிங்கின் காற்றோட்டம் என்று தேடுங்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி மெஷின்களை வீணாகக் கழட்டாமல் தப்பலாம்.

எல்லைக்கு ஏழெட்டு பாகை கீழே நிற்கிறது, வேகம் டர்போவில் இருக்கிறது, த்ரொட்லிங் நோ: ஒன்றும் செய்ய வேண்டாம். மெல்லிய லெப்டொப்புகள் பலத்த வேலையில் 90ஐத் தாண்டுவது சாதாரணம்.

5. சூடில்லாமல் வேகம் மட்டும் விழுந்தால்

மிகக் குறைந்த செலவில் தீரக்கூடியது இதுதான். அதிகம் தவறவிடப்படுவதும் இதுவே.

முதலில் பவர் அமைப்பு. கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், புரொசசரின் மாக்சிமம் ஸ்டேட் எத்தனை வீதம் என்று பாருங்கள். அது 99 ஆக இருந்தாலே பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் டர்போ முழுவதும் நின்றுவிடும். சூட்டைக் குறைக்க என்று யாரோ எப்போதோ மாற்றிவிட்டு மறந்திருப்பார்கள். புதிய லெப்டொப்புகளில் இந்த வரி மறைந்திருக்கலாம். அங்கே செட்டிங்ஸில் பவர் மோட் எதில் நிற்கிறது என்றும், லெப்டொப்போடு வந்த மென்பொருளில் சைலன்ட், ஈகோ என்று ஏதாவது தெரிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, லெப்டொப்பில், சார்ஜர். சில கொம்பனிகளின் லெப்டொப்புகள் தம் சார்ஜரை அடையாளம் கண்டுபிடிக்கும். அடையாளம் தெரியாவிட்டால் கரண்ட் கிடைத்தாலும் வேகத்தை 0.4, 0.8 என்று கட்டிப்போட்டுவிடும். சார்ஜரின் அடையாளத்தை லெப்டொப்புக்குச் சொல்லும் நடுக்கம்பி மிக மெல்லியது, அது வளைந்தாலோ அறுந்தாலோ இதே கதை. சோதனை எளிது: சார்ஜரைக் கழட்டி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் சார்ஜர்தான். பற்றரி செத்துப்போய், அதைக் கழட்டிவிட்டு நேரே கரண்டில் ஓட்டினாலும் சில மெஷின்கள் இப்படி வேகத்தைக் குறைக்கும். பற்றரி ஊதியிருந்தால், டச்பாட் மேலெழுந்திருந்தால், இந்த வழிகாட்டியை இத்தோடு நிறுத்துங்கள். மெஷினை அணைத்து, அழுத்தாமல், குத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

மூன்றாவது, புரொசசர் நலமாக இருக்க, வேறொரு பாகம் வேகத்தைக் குறைக்கச் சொல்லி சிக்னல் அனுப்புவது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் புரொக்ஹொட் (PROCHOT) என்ற வரி யெஸ் ஆகவும் கோர் வெப்பநிலை 50 ஆகவும் இருந்தால் இதுதான் நடக்கிறது. மதர்போர்டில் புரொசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி சூடாகியிருக்கலாம், கிராபிக்ஸ் சிப் சூடாகியிருக்கலாம், ஒரு சென்சரே பழுதாகியிருக்கலாம். ஈவென்ட் வியூவரில் கேர்னல்-புரொசசர்-பவர் என்ற பெயரில் 37ஆம் எண் பதிவு வந்திருந்தால், மதர்போர்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயர் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. அந்த ஃபேர்ம்வெயரை, அதாவது பயோஸை, அப்டேட் செய்து பாருங்கள், கரண்ட் நிச்சயமாக நிற்காது என்ற நேரத்தில் மட்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் வேண்டாம். லெப்டொப் என்றால் பற்றரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளில் இந்த சிக்னலைக் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு டிக் உண்டு, யூடியூப்பில் எல்லோரும் அதையே சொல்வார்கள். சென்சர்தான் பழுது என்று உறுதியானால் மட்டும் செய்யுங்கள். உண்மையிலேயே கொதிக்கும் ஒரு பாகத்தின் வாயை அடைத்தால் மதர்போர்ட் போய்விடும்.

6. சும்மா இருக்கும்போதே சுட்டால்

டாஸ்க் மனேஜரைத் திறந்து சிபியூ நிரலை அழுத்தி வரிசைப்படுத்துங்கள். விண்டோஸ் அப்டேட், தேடல் அட்டவணை, வைரஸ் ஸ்கேன் ஆகியவை அவ்வப்போது ஏறி இறங்கும். கிழமைக் கணக்கில் போடாமல் வைத்திருந்த மெஷினைப் போட்டால் முதல் ஒரு மணிநேரம் இவை ஆடிவிட்டுத்தான் ஓயும். அதைப் பழுதென்று எண்ணாதீர்கள்.

டாஸ்க் மனேஜரைத் திறந்ததும் விசிறி அடங்கி, மூடியதும் மறுபடி இரைந்தால் சந்தேகப்படுங்கள். உங்கள் கரண்டில் யாருக்கோ கிரிப்டோ தோண்டிக் கொடுக்கும் களவு மென்பொருள்கள் அப்படி ஒளிந்து விளையாடும். கிராக் செய்த மென்பொருள் ஏற்றிய மெஷின்களில் இதை முதலில் பாருங்கள். விண்டோஸ் டிஃபென்டரின் ஒஃப்லைன் ஸ்கேனைப் போட்டு, அப்படியும் போகாவிட்டால் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது.

7. இடமும் காற்றும்

இன்னும் ஸ்க்ரூடிரைவருக்கு நேரம் வரவில்லை. கேசிங்கின் பக்கப் பலகையை மட்டும் திறந்துவிட்டு அதே பத்து நிமிட ஓட்டத்தைத் திரும்பப் போடுங்கள். வெப்பநிலை ஐந்து பாகைக்கு மேல் குறைந்தால் ஹீட்சிங்க்கும் பேஸ்டும் பரவாயில்லை, கேசிங்குக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ஒன்றுமே மாறாவிட்டால் குறை புரொசசருக்கு அருகில்.

பலகையைத் திறந்தே வைத்திருக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. சோதனைக்குத் திறக்கலாம், குடித்தனம் நடத்த விடக்கூடாது. பல்லி போய் மதர்போர்டில் விழும், எறும்பு கூடு கட்டும், தூசு இரட்டிப்பாகும்.

காற்று முன்னாலிருந்து உள்ளே வந்து பின்னால், மேலால் வெளியேற வேண்டும். விசிறியில் சட்டக் கம்பிகள் குறுக்கே ஓடும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். இரண்டு விசிறியும் உள்ளே ஊதும்படி பூட்டிய கேசிங்குகளைத் தாராளமாகப் பார்க்கலாம். மேசையின் அடைத்த அறைக்குள் கேசிங்கைத் தள்ளி வைத்திருந்தால் வெளியே எடுங்கள். லெப்டொப்பை மெத்தையில், தலையணையில் வைத்தால் கீழ்த் துளைகள் அடைபடும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்த இரண்டு போத்தல் மூடிகள் போதும். கூலிங் பாட் வாங்குவதற்கு முன் இதைச் செய்து அளந்து பாருங்கள்.

8. தூசும் உப்பும்

இங்கே தூசு ஒரே மாதிரி இல்லை. கடற்கரை ஓரம், கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் உப்புக் காற்று. அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூக்கும், செம்புப் பகுதிகள் பச்சை படியும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறை நெல் ஆலைகளின் அலுவலகங்களிலும் உமித் தூசு. மாசி, பங்குனிப் பெரும்போக அறுவடை முடிந்ததும் திறந்தால் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மெத்தை படிந்திருக்கும். உமித் தூசு உதிரும், பிரஷ்ஷுக்கு வரும். உப்பும் ஈரமும் சேர்ந்த தூசு ஒட்டும், அதற்கு அல்ககோல் வேண்டும்.

மெஷினை அணைத்து, பிளக்கைக் கழட்டி, பவர் பட்டனைச் சில செக்கன் அழுத்திப் பிடியுங்கள், மிச்சக் கரண்ட் இறங்கும். லெப்டொப் என்றால் பின்மூடியைத் திறந்தவுடன் முதல் வேலை பற்றரி வயரைக் கழட்டுவது. மூடியின் ஸ்க்ரூக்கள் நீளத்தில் வேறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் மெஷினை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குறுகிய துளையில் முறுக்கினால் கீபோர்ட் பக்கம் புடைத்துவிடும்.

விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது தன் அளவுக்கு மேல் சுழன்று பேரிங் தேயும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். டயர் கடைக் கொம்பிரசரும் வேண்டாம், அதன் குழாயில் தேங்கிய தண்ணீரும் எண்ணெயும் முதல் அடியிலேயே மதர்போர்டில் தெறிக்கும். கையடக்க புளோவர் போதும். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனை நிலைமின்னை உருவாக்கும், போர்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

லெப்டொப்பில் தூசு அடைவது விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வெளித் துளை வழியாக மட்டும் ஊதினால் அந்தக் கட்டி உள்ளே உருண்டு திரும்ப அங்கேயே வந்து சேரும். விசிறியைக் கழட்டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பவர் சப்ளையை வெளியிலிருந்து ஊதலாம், பெட்டியைத் திறக்கக்கூடாது. பிளக்கைக் கழட்டிய பிறகும் அதன் கப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

சுத்தம் செய்து முடித்ததும் அளவெடுங்கள். போதுமான அளவு இறங்கிவிட்டால் இங்கேயே நிறுத்திவிடலாம். பேஸ்ட் குழாயை வாங்கிவிட்டோமே என்பதற்காக ஹீட்சிங்க்கைக் கழட்டாதீர்கள்.

9. விசிறி

வேலை ஏறும்போது சுற்றும் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பயோஸுக்குள் போய் புரொசசர் விசிறியின் அமைப்பைப் பாருங்கள். டெஸ்க்டொப்பில் புரொசசர் விசிறியின் வயர் மதர்போர்டில் அதற்கென உள்ள செருகியில்தான் இருக்க வேண்டும். கேசிங் விசிறியின் செருகியில் போட்டால் அது புரொசசரின் சூட்டைக் கவனிக்காமல் தன் பாட்டுக்குச் சுழலலாம்.

மெஷினைப் போடும் ஒவ்வொரு முறையும் திகதி பின்னால் போய் நின்றால், மதர்போர்டில் உள்ள நாணய வடிவப் பற்றரி, சிஆர்2032, செத்துவிட்டது. கரண்ட் அடிக்கடி நிற்கும் இடங்களில் நீங்கள் பயோஸில் செய்த விசிறி அமைப்பும் அதோடு அழிந்துபோகும். அதை மாற்றாமல் அமைப்பை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை.

கரகரவென்ற சத்தமும் ஆட்டமும் இருந்தால் விசிறியையே மாற்றுங்கள். எண்ணெய் விடுவது சில கிழமைகளுக்கான ஆறுதல்தான்.

10. ஹீட்சிங்க்கும் பேஸ்டும்: டெஸ்க்டொப்

கழட்டுமுன் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் (ஹீட்சிங்க்கும் விசிறியும் சேர்ந்த தொகுதி) நான்கு பிளாஸ்டிக் முளைகள். அவற்றில் ஒன்று கழன்றிருந்தாலே சூடு பாய்ந்து ஏறும். லொறியிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏற்றிக் கொண்டுவந்த மெஷின்களில் இது சகஜம். அழுத்திப் பூட்டியதும் பிரச்சினை தீர்ந்தால் பேஸ்டைத் தொட வேண்டியதில்லை.

கழட்டத்தான் வேண்டும் என்றால், மெஷினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள். இளகிய பேஸ்ட் எளிதில் விடும். இன்டெல் முளைகளை அவற்றில் உள்ள அம்புக்குறித் திசையில் திருப்பி மேலே இழுங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டில் கூலரை நேரே மேலே தூக்கவே கூடாது. காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு புரொசசரும் பூட்டிய சொக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். இடமும் வலமுமாகச் சிறிது திருகி, ஒட்டு விட்ட பிறகு தூக்குங்கள்.

பழைய பேஸ்டை இரண்டு பக்கமும் அல்ககோலால் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு காயவிடுங்கள். பழையதன் மேல் புதியதைப் பூசுவது வீண் வேலை. புதிய கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடக்கிறது.

பேஸ்டின் வேலை இரண்டு உலோகங்களுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் உள்ள காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். உலோகத்தைவிடப் பேஸ்ட் சூட்டைக் குறைவாகவே கடத்தும், ஆகவே தடிப்பாகப் போட்டால் நட்டம். பாணுக்கு மாஜரின் பூசுவது போல இழுக்க வேண்டாம். சாதாரண டெஸ்க்டொப் புரொசசருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து, கூலரை நேரே இறக்கினால் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். இறக்கிய பிறகு தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். தூக்கினால் காற்றுக் குமிழி புகுந்துவிடும், துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

முளைகளை மூலைக்கு மூலை எதிராக அழுத்துங்கள். நான்கு முறை டிக் என்று கேட்க வேண்டும். மதர்போர்டின் பின்பக்கம் நான்கு கறுப்பு முனைகளும் முழுதாக வெளியே வந்திருக்கின்றனவா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். விசிறி வயரைச் செருகிய பிறகே மெஷினைப் போடுங்கள்.

11. ஹீட்சிங்க்கும் பேஸ்டும்: லெப்டொப்

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்கு அருகே 1, 2, 3, 4 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். பூட்டும்போது அந்த வரிசை, கழட்டும்போது தலைகீழ் வரிசை, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு பக்கத்தை முழுதாக முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அழுத்தம் ஒருபக்கமாகி, வெறுமையாக இருக்கும் சிலிக்கன் சிப்பின் மூலை உடையலாம்.

டெஸ்க்டொப்பில் உள்ளது போல உலோக மூடி இங்கே இல்லை. ஆகவே சிப்பின் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய படையாக மூடும்படி பேஸ்ட் பரவ வேண்டும்.

சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப, நீல, சாம்பல் நிறத்தில் மெதுவான பாட்கள் சில சிப்களின் மேல் ஒட்டியிருக்கும். அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயும் பேஸ்ட் போடுவது பழகுநர்களின் நிலையான பிழை. அந்த இடைவெளி பேஸ்டால் நிரம்பாது. கிழியாமல் இருந்தால் அதே பாட்டைத் திரும்ப வையுங்கள். கிழிந்தால் அதே தடிப்பில் வாங்குங்கள். தடிப்பு கூடினால் ஹீட்சிங்க் புரொசசரில் சரியாக உட்காராது, செய்த வேலை எல்லாம் வீண்.

புதுப் பேஸ்ட், சுத்தமான தகடு, நல்ல விசிறி, எல்லாம் இருந்தும் சூடு பாய்ந்து ஏறுகிறதா? வேலை கொடுத்தபடி விசிறி வெளித்தள்ளும் காற்றில் கையைக் காட்டுங்கள். புரொசசர் 95இல் இருக்கும்போது வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தால், சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுபோகும் செம்புக் குழாய் வளைந்தோ வெடித்தோ உள்ளிருந்த திரவம் போயிருக்கலாம். அதை ஒட்ட முடியாது, ஹீட்சிங்க்கோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். தண்ணீர்க் கூலர் பூட்டிய டெஸ்க்டொப்பில் இதே அறிகுறி பம்ப் நின்றுவிட்டதைக் காட்டும்.

12. எல்லாம் செய்தும் மத்தியானத்தில் திணறினால்

வன்பொருளில் குறை இல்லை, அறைதான் 35 பாகை. அப்போது வேகத்தை நாமே ஓரளவு இறக்கலாம். தானாக விழுந்து ஏறித் தள்ளாடும் வேகத்தைவிட, சற்றுக் குறைவாக ஒரே சீராக ஓடும் வேகம் கல்யாண வீடியோ எடிட் செய்பவருக்கும் சூம் வகுப்பு எடுப்பவருக்கும் உதவும்.

முதலில் முயல வேண்டியது வாட் எல்லையைக் குறைப்பது. சில டெஸ்க்டொப் மதர்போர்டுகள் புரொசசருக்குச் சொன்ன அளவைவிட அதிக வாட்டை இழுக்கத் தாமாகவே அனுமதிக்கும். பயோஸில் இன்டெல் சொன்ன இயல்பு அளவைத் தெரிந்தாலே பல பாகை இறங்கும். ரைசனில் இதற்கு ஈகோ மோட் என்ற அமைப்பைத் தெரியுங்கள். 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டொப் வைத்திருப்பவர்கள் சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயோஸை அப்டேட் செய்துகொள்ளுங்கள். அந்த வரிசையில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் புரொசசரைப் பழுதாக்கியதால் 2024இல் இன்டெல் திருத்தம் வெளியிட்டது.

லெப்டொப்பில் எளிய வழி, 5ஆம் படியில் பழுதாகப் பார்த்த அதே 99 வீதம். 8250யூ போன்ற புரொசசரில் இது வேகத்தை 1.6 வரை இறக்கிவிடும், ஆகவே மிகவும் வெக்கையான நேரத்துக்கு மட்டும். வோல்டேஜைக் குறைக்கும் முறை இன்னும் நல்லது, ஆனால் 2019இல் ஒரு பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பல லெப்டொப்புகளில் அதைப் பூட்டிவிட்டார்கள். திறந்திருந்தால் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள்.

13. திரும்ப அளந்து பதியுங்கள்

3ஆம் படியில் செய்த அதே ஓட்டத்தை, அதே இடத்தில், கூடியவரை அதே நேரத்தில் போடுங்கள். காலையில் அளந்ததையும் மத்தியானம் அளந்ததையும் ஒப்பிட்டு "பத்து பாகை குறைத்துவிட்டேன்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நேரம் மாறிவிட்டால், புரொசசர் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அந்த வித்தியாசத்தை ஒப்பிடுங்கள். முன்பு 34 பாகை அறையில் 98, இப்போது 30 பாகை அறையில் 84 என்றால் வித்தியாசம் 64இலிருந்து 54. உண்மையில் குறைந்தது 14 அல்ல, 10. முன்பு எல்லையில் முட்டி வேகம் விழுந்த மெஷின் என்றால் இப்போது வேகமும் கூடியிருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

சில பேஸ்டுகள் சில நாள் ஓடிய பிறகே முழுதாகப் படியும், ஆகவே ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம் அளந்துவிடுங்கள். அந்த எண்களைத் திகதியோடு எழுதி கேசிங்கின் உள்பக்கம் ஒட்டுங்கள். லெப்டொப் என்றால் கோப்பாக வையுங்கள். அடுத்த கச்சான் தொடங்கும்போது ஒரு ஓட்டம் போட்டு, அந்தத் தாளிலிருந்து எட்டு, பத்து பாகை ஏறியிருந்தால் 8ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். ஏறாவிட்டால் மெஷினைத் திறக்க வேண்டாம்.